சேவையும் சோர்வும்

நியூயார்க் மாநகரின் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில், 1970-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், ஏழை இளைஞர்களுக்கும், போதைப் பழக்கத்தால் வீடு வாசல் இழந்து தெருவுக்கு வந்துவிட்டவர்களுக்கும் காசு வாங்காமல் வைத்தியம் பார்ப்பதற்கென்று செயின்ட் மார்க்ஸ் இலவச மருத்துவமனை என்றொரு சிறு ஸ்தாபனம் நடந்துவந்தது. அங்கே பெரும்பாலும் தொண்டர்களே வேலை செய்தார்கள். அவர்களுள் ஒருவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற மனோதத்துவ நிபுணர். 1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பிச் சிறு வயதிலேயே அமெரிக்கா வந்து சேர்ந்தவர் அவர். பகலெல்லாம் தம்முடைய சொந்தத் தொழிலைக் கவனித்துவிட்டு, மற்றவர்கள் வீடு திரும்பும் வேளையில் அவர் இலவச மருத்துவமனைக்குப் புறப்படுவார். அங்கே நள்ளிரவு வரையில் நோயாளிகளோடும் சக தொண்டர்களோடும் இருந்துவிட்டு, மறுநாள் காலையில் மீண்டும் தம் தொழிலுக்குப் போவார்.

இப்படிப் பல மாதங்கள் நடந்தபின், குடும்பத்தாரின் வற்புறுத்தலுக்கு இணங்கி விடுமுறைக்குப் புறப்பட ஏற்பாடு செய்திருந்த ஒரு நாளில், அவரால் படுக்கையைவிட்டு எழுந்திருக்கவே இயலாமற்போயிற்று. காய்ச்சல் இல்லை, பெயர் சொல்லக்கூடிய வியாதி ஒன்றும் இல்லை. பிறகு அவர் ஓர் ஒலிப்பதிவுக் கருவியை அருகில் வைத்துக்கொண்டு, தம்மிடம் வரும் நோயாளி பேசுவதுபோலத் தம் மனத்திலுள்ளதையெல்லாம் தாமே பேசிப் பதிவு செய்து, அதைத் திரும்பப் போட்டுக் கேட்டார். அதில் அவர் கேட்டது களைப்பை மட்டும் அன்று. அடங்காத கோபத்தையும் கேட்டார். அன்பினால் தொடங்கிய ஒரு காரியம் கோபத்தில் வந்து நிற்பதற்கு என்ன காரணம் என்று ஆராயத் தொடங்கி, தம்மைச் சுற்றியிருந்த தொண்டர்களிடமும் அதே அடையாளங்களைக் கண்டு, 1974-இல் ஒரு சமூகவியல் சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான், ‘பர்ன் அவுட்’ என்று இன்று உலகமெங்கும் வழங்கும் பணிச்சோர்வைப் பற்றிய ஆராய்ச்சி ஆரம்பமாகிறது.

இதில் நாம் நின்று கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பெரிய கம்பெனிகளின் மேலதிகாரிகளையும் பங்குச் சந்தைத் தரகர்களையும் வாட்டும் நோயாகவே இன்று பணிச்சோர்வைப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இடம் லாபம் கருதாத ஒரு தர்ம ஸ்தாபனம். அதற்கு ஆளானவர்கள் பணத்துக்காக உழைத்தவர்கள் அல்லர். யார் இதற்கு எளிதில் இரையாகிறார்கள் என்ற கேள்விக்கு ஃபிராய்டன்பெர்கர் கண்ட விடையும், சோம்பேறிகள் என்பதோ மனவலிமை குன்றியவர்கள் என்பதோ அன்று. எடுத்த காரியத்தில் முழு மனத்தோடு ஈடுபட்டவர்களே இரையாகிறார்கள் என்பதுதான். நாள்பட்ட ஜலதோஷம், தலைவலி, தூக்கமின்மை, அற்ப காரணங்களுக்காக மூளும் சினம், சகாக்களின்மீது சந்தேகம், பிறர் சொல்லும் எந்த யோசனையையும் ஏற்க மறுக்கும் பிடிவாதம் ஆகியவற்றோடு, எல்லாவற்றிலும் விசித்திரமாக, வேலை செய்யும் நேரம் கூடிக்கொண்டே போக வேலையின் பலன் குறைந்துகொண்டே வருதல் என்பதையும் அவர் அடையாளமாகக் குறித்தார்.

அதே காலத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற அம்மையார், மருத்துவர்கள், செவிலியர், சமூகப் பணியாளர், ஏழைகளுக்காக வாதாடும் வழக்கறிஞர் முதலானோரைச் சந்தித்துப் பேசி இதே விஷயத்தை ஆராய்ந்தார். சக ஆராய்ச்சியாளர் சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து 1981-இல் அவர் வெளியிட்ட அளவுகோல் இன்றும் பயன்பட்டு வருகிறது. பணிச்சோர்வுக்கு மூன்று முகங்கள் உண்டு என்பது அவர் முடிவு. முதலாவது, உள்ளம் வற்றிப்போன களைப்பு. இரண்டாவது, யாருக்காக உழைக்க வந்தோமோ அவர்களையே மனிதர்களாகக் காணாத மரத்த மனம். மூன்றாவது, நாம் செய்வதால் எதுவும் நடக்கப்போவதில்லை என்ற அவநம்பிக்கை. இவற்றுள் இரண்டாவதைத்தான் நான் மிகவும் அஞ்சத்தக்கதாகக் கருதுகிறேன். குழந்தைகள் காப்பகத்திலோ பெண்கள் உதவி மையத்திலோ புதிதாகச் சேர்ந்த ஒருவர், “இன்னிக்கு ஒரு அம்மா வந்தாங்க, பாவம், ரெண்டு பிள்ளைங்களோட” என்று மாலையில் மனம் நெகிழ்ந்து சொல்லுவார். சில ஆண்டுகள் கழித்து அவரே, “இன்னிக்கு மூணு கேஸ்” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் கெட்டவராகிவிடவில்லை. தினந்தோறும் பிறர் துயரத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டிய உள்ளம் தன்னைக் காத்துக்கொள்வதற்காகத் தானே ஒரு கதவைச் சாத்திக்கொண்டது. அந்தக் கதவுக்கு வெளியே நிற்பவர்களோ உதவி நாடி வந்த ஏழை ஜனங்கள்.

2019-இல் உலக சுகாதார ஸ்தாபனம் தன்னுடைய நோய்ப் பகுப்பின் பதினோராம் பதிப்பில் பணிச்சோர்வைச் சேர்த்தபோது, அதை ஒரு வியாதி என்று சொல்லாமல், பணியிடத்தில் நெடுநாளாக இருந்துவரும் நெருக்கடி சரிவரக் கையாளப்படாமையால் விளையும் ஒரு நிலை என்றே வரையறுத்தது. இது நுட்பமான வித்தியாசம். வியாதி என்றால் நோயாளியை வைத்தியரிடம் அனுப்பிவிடலாம். பணியிடத்தில் விளைவது என்றால் பணியிடத்தையல்லவா சோதித்துப் பார்க்கவேண்டும்? சோர்ந்துபோன ஊழியரை ஒரு நாள் தியான வகுப்புக்கு அனுப்பி, மறுநாள் அதே நாற்காலியில், அதே வேலைக் குவியலுக்கு நடுவே உட்காரவைக்கும் வழக்கம் இக்காலத்தில் பரவியிருக்கிறது. தியானத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தவறு ஸ்தாபனத்தின் அமைப்பில் இருக்கும்போது பரிகாரத்தை ஊழியரிடம் மட்டும் தேடுவது நியாயமாகாது.

நம் தேசத்தில் இதைப் பேசுவது சற்றுக் கடினம். தொண்டு என்றாலே தன்னை மறந்து, உண்ணாமல் உறங்காமல் உழைப்பது என்ற எண்ணம் நமக்குள் ஆழ வேரூன்றியிருக்கிறது. கோபால கிருஷ்ண கோகலே 1905-இல் புனாவில் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவியபோது, அதில் சேர்வோர் சங்கம் தமக்கும் தம் குடும்பத்துக்கும் அளிக்கும் எளிய ஜீவனத்தோடு திருப்தியடைவதாகவும், பணம் தேடுவதில் தம் சக்தியைச் செலவிடுவதில்லையென்றும் பிரதிக்ஞை எடுத்துக்கொண்டார்கள். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த ஸ்ரீநிவாச சாஸ்திரியார் அந்த வேலையை உதறிவிட்டு 1907-இல் அச்சங்கத்தில் சேர்ந்ததும், கோகலேக்குப் பின் அதன் தலைவரானதும் தமிழர்கள் பெருமையோடு நினைக்கும் விஷயம். வருமானத்துக்கு எல்லை வகுத்த அந்தப் பிரதிக்ஞைகளில் உழைப்புக்கு எல்லை வகுப்பது எதுவும் இல்லை. கோகலேயோ நீரிழிவு நோயோடு சட்டசபைப் பணியையும், சங்கப் பணியையும், அரசாங்க விசாரணைக் கமிஷன் வேலையையும், இங்கிலாந்துக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கடற் பிரயாணங்களையும் ஒருங்கே சுமந்து, 1915 பிப்ரவரியில், ஐம்பது வயதுகூட நிரம்பாமல், தம் 48-ஆம் வயதில் காலமானார். அவருடைய தியாகத்தை யாரும் அளவிட முடியாது. ஆயினும் அவர் இன்னும் இருபது ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் தேசம் அடைந்திருக்கக்கூடிய நன்மையையும் அளவிட முடியாது என்பதை நினைவுக் கூட்டங்களில் யாரேனும் சொல்லக் கேட்பது அரிது.

கோகலேயைத் தம் அரசியல் குருவாகக் கொண்ட காந்தியடிகளோ, நியமம் என்ற ஒன்றைத் தம் உழைப்பின் நடுவிலேயே நிறுத்தினார். திங்கட்கிழமைதோறும் அவர் மௌனம் இருந்தது எல்லாரும் அறிந்தது. ஓயாமல் பேசவேண்டிய நெருக்கடியிலிருந்து விடுபட்டு, தேங்கிக் கிடக்கும் கடிதங்களையும் கட்டுரைகளையும் எழுதி முடிக்க அவகாசம் வேண்டும் என்ற மிகச் சாதாரணமான காரணத்துக்காகவே அது தொடங்கியது. ஆத்மிகப் பயன் பின்னரே தெரியவந்தது. 1947 ஜூன் 2-ஆம் தேதி ஒரு திங்கட்கிழமை. தேசத்தைப் பிரிக்கும் திட்டம் மறுநாள் உலகுக்கு அறிவிக்கப்பட இருந்த நிலையில் வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் அவரைச் சந்தித்தபோது, காந்தியடிகள் தம் மௌனத்தைக் கலைக்கவில்லை. பழைய கடித உறைகளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிக் காட்டியே பேசினார். அவசர காரியங்களில் உயர் பதவியில் உள்ளோரிடம் பேசுவதற்கும் நோயாளிகளைக் கவனிப்பதற்கும் அந்த விரதத்தில் விலக்கு உண்டு. அந்த விலக்கைக்கூட அன்று அவர் பயன்படுத்தவில்லை. அந்த மௌனத்துக்கு அரசியல் அர்த்தம் கற்பிப்பவர்களும் உண்டு, இருக்கலாம். ஆனால் ‘இன்று முக்கியமான நாள், ஆகையால் நியமத்தை இன்று மட்டும் தளர்த்துவோம்’ என்று வருஷத்தில் முந்நூறு நாளும் சொல்லிக்கொண்டிருக்கும் நம்முடைய தொண்டு ஸ்தாபனங்களுக்கு, அன்றைய தினத்தைவிட முக்கியமான நாள் எப்போது வந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

ஒரு மாவட்டத் தலைநகரில், வாடகைக் கட்டடத்தின் மாடியில், பத்துப் பன்னிரண்டு பேரோடு நடக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தை வாசகர்கள் மனத்தில் நினைத்துக்கொள்ள வேண்டுகிறேன்; அப்படிப்பட்டவை நம் நாட்டில் எத்தனையோ உண்டு. மார்ச் மாதம். கணக்கை முடிக்கவேண்டும், நன்கொடையாளருக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் போகவேண்டும், ஆடிட்டர் வவுச்சர் கேட்கிறார். காலை எட்டு மணிக்கு ஸ்கூட்டரில் கிளம்பிய களப்பணியாளர் நான்கு கிராமங்களைச் சுற்றிவிட்டு, மதியச் சாப்பாட்டு டப்பாவை மாலை நான்கரைக்கு அலுவலகத்தில் திறக்கிறார். சாப்பிட்டுக்கொண்டே வருகைப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூங்கவைத்த பின், இரவு பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது: நாளைக் காலை ஒன்பதுக்குள் போட்டோக்களும் பெயர்ப் பட்டியலும் வேண்டும். அதைப் படித்து முடிப்பதற்குள் கிராமத்திலிருந்து ஒரு பெண் போன் செய்கிறாள்: “அக்கா, அவரு குடிச்சிட்டு வந்து மறுபடியும் அடிக்கிறாரு.” அந்த அழைப்பை எடுக்காமல் இருக்க எந்த அக்காவால் முடியும்? மறுநாள் அவர் இயக்குநரிடம், “சார், ரெண்டு நாள் லீவு வேணும்” என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார். “இந்த வாரம் மட்டும் பார்த்துக்கம்மா, ரிப்போர்ட் போயிடட்டும், அடுத்த வாரம் எடுத்துக்கலாம்” என்று அவர் அன்பாகத்தான் சொல்கிறார். அவரும் மூன்று ஆண்டுகளாக விடுப்பு எடுக்காதவர்.

இந்தச் சம்பவத்தில் கொடுமைக்காரர் என்று யாரையும் சுட்டிக்காட்ட முடியாது என்பதுதான் இதன் கஷ்டம். ஆனால் ஊன்றிப் பார்த்தால் இரண்டு விதமான வேலைகள் இங்கே ஒன்றாகக் கலந்துவிட்டிருப்பது தெரியும். அடிபட்ட பெண்ணின் அழைப்பு உண்மையான அவசரம். போட்டோக்களும் பெயர்ப் பட்டியலும் பத்து நாளைக்கு முன்பே தெரிந்திருந்த வேலை. யாரோ திட்டமிடாமையால் அவசரமாகிவிட்ட வேலை. முதலாவதால் மட்டும் மனிதர்கள் அவ்வளவு எளிதில் ஒடிந்துபோவதில்லை. அதற்காகத்தானே அவர்கள் வந்தார்கள்? இரண்டாவதுதான், அர்த்தமற்ற அவசரமாகையால், உள்ளத்தை அரிக்கிறது. மாஸ்லாக் அம்மையாரும் மைக்கேல் லைட்டரும் பிற்காலத்தில் பணிச்சோர்வின் காரணங்களை ஆராய்ந்தபோது, வேலைப் பளு ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. தன் வேலையின்மீது தனக்கு அதிகாரம் இல்லாமை, தகுந்த மதிப்பு கிடைக்காமை, சக ஊழியரிடையே ஒற்றுமைக் குலைவு, நியாயமின்மை, தான் நம்பும் லட்சியத்துக்கும் தான் செய்ய நேரும் காரியத்துக்கும் இடையிலான முரண்பாடு ஆகியவற்றையும் சேர்த்து எண்ணினார்கள். தொண்டு நிறுவன ஊழியர்களிடம் மனம்விட்டுப் பேசியவர்கள் அறிவார்கள்: “வேலை அதிகம்” என்று சொல்லி அவர்கள் அழுவதில்லை, “என்னை ஒரு வார்த்தை கேட்கலையே” என்று சொல்லும்போதுதான் குரல் தழுதழுக்கிறது.

சின்ன ஸ்தாபனங்களில்தான் இப்படி என்று எண்ணவேண்டா. மனித உரிமைகளுக்காக உலகெங்கும் குரல் கொடுக்கும் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் நிறுவனத்தில், 2018-இல் பாரிஸில் பணியாற்றிவந்த மூத்த ஆராய்ச்சியாளர் ஒருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டபின், வெளியார் குழு ஒன்றைக்கொண்டு ஊழியர் நலனைப் பற்றி அந்நிறுவனம் விசாரணை நடத்தியது. 2019 பிப்ரவரியில் வெளியான அறிக்கை, உலகத்தின் சித்திரவதைகளை அம்பலப்படுத்தும் அந்த ஸ்தாபனத்துக்குள்ளேயே மிரட்டலும் பாரபட்சமும் அவமதிப்பும் நிலவியதையும், நெருக்கடியைச் சகித்துக்கொள்வதே பெருமை என்ற தியாகி மனப்பான்மை ஊறிப்போயிருந்ததையும் மறைக்காமல் சொல்லியது. கருத்துச் சொன்ன ஊழியரில் 39 சதவீதத்தினர் அந்த வேலையினாலேயே தங்கள் மனமோ உடலோ பாதிக்கப்பட்டதாகத் தெரிவித்திருந்தார்கள். இத்தகைய அறிக்கையைத் தானே கேட்டு வாங்கித் தானே வெளியிட்டதற்காக அந்த நிறுவனத்தைப் பாராட்டவேண்டும். ஓர் உயிர் போவதற்கு முன்பே கேட்டிருக்கவேண்டும் என்பதையும் சொல்லவேண்டும்.

அதிக நேரம் உழைத்தால் அதிகக் காரியம் நடக்கும் என்ற நம்பிக்கையே முதலில் பிழையானது. ஜெர்மனியில் ஜெனா நகரத்தில் கண்ணாடி வில்லைகளும் நுண்ணோக்கிகளும் செய்த ஸைஸ் தொழிற்சாலையை ஒரு தர்ம ஸ்தாபனத்தின் உடைமையாக்கிய எர்ன்ஸ்ட் ஆபே என்ற விஞ்ஞானி, 1900-ஆம் ஆண்டில் ஒன்பது மணி நேர வேலையை எட்டு மணியாகக் குறைத்தார். இருநூறுக்கு மேற்பட்ட தொழிலாளரின் விளைவை முந்திய ஆண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒரு மணி நேரம் குறைந்தும் ஒரு நாளின் மொத்த விளைவு குறையாமல், சற்றுக் கூடியே இருந்ததைக் கண்டார். முதல் உலக யுத்தத்தில் பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் உழைத்தவர்களின் பழைய குறிப்புகளை ஸ்டான்ஃபோர்ட் பொருளாதார அறிஞர் ஜான் பென்கவெல் 2014-இல் மறுபடி ஆராய்ந்தபோதும், வாரத்துக்கு ஏறக்குறைய 50 மணி நேரத்தைத் தாண்டியபின் உழைப்பின் பயன் மளமளவென்று சரிந்ததும், 70 மணி உழைத்தவர்கள் 56 மணி உழைத்தவர்களைவிட அதிகமாகச் செய்தது சொற்பமே என்பதும் தெரியவந்தன. வில்லையில் கீறல் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். களைத்துப்போன ஊழியர் அழுதுகொண்டிருக்கும் ஒரு தாயிடம் கடிந்து சொன்ன ஒரு வார்த்தை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அவள் மறுபடி வராமற்போவாள், அவ்வளவுதான். ஆகையால் தொழிற்சாலையைவிடத் தொண்டு நிறுவனத்தில்தான் நேர வரையறை அதிகமாக வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பிறர் துயரத்தைக் கேட்பதையே வேலையாகக் கொண்டும் நெடுங்காலம் நிலைத்து நிற்கும் ஸ்தாபனங்கள் இல்லாமலில்லை. லண்டனில் 1953-இல் சாட் வாரா என்ற பாதிரியார் தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர்களுக்காகத் தொடங்கிய சமாரிட்டன்ஸ் இயக்கத்தில், தொண்டர்கள் குறிப்பிட்ட மணி நேர முறை வைத்துத் தொலைபேசியில் அமர்கிறார்கள். முறை முடிந்ததும் உடனே வீட்டுக்குப் போய்விட முடியாது. அன்றைய பொறுப்பாளரோடு பேசி, கேட்ட அழைப்புகளைப் பற்றியும், அவற்றால் தம் மனம் எப்படியிருக்கிறது என்பதைப் பற்றியும் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். பளுவை அங்கேயே இறக்கி வைப்பது தொண்டரின் இஷ்டத்துக்கு விடப்பட்ட விஷயமாக இல்லாமல், வேலையின் ஒரு பகுதியாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. உதவி கேட்பது பலவீனம் என்று நாணுகிறவரும் சட்டம் என்றால் பேசிவிடுவார். இதுதான் அந்த ஏற்பாட்டின் சூட்சுமம். இத்தகைய பணிக்காகவே 1986-இல் சென்னையில் தோன்றிய ஸ்நேகா அமைப்பும் தொண்டர்களைக்கொண்டே நடந்துவருகிறது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை வேறொரு பாடத்தைக் கற்பிக்கிறது. முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோயிருந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசாங்க வேலையிலிருந்து 58-ஆம் வயதில் ஓய்வு பெற்றபின், 1976-இல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. அங்கே அறுவை அரங்கில் ஒரு டாக்டருக்கு அருகருகே இரண்டு மேஜைகள். ஒன்றில் ஒரு நோயாளிக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே, பயிற்சி பெற்ற பெண்கள் மற்றொன்றில் அடுத்த நோயாளியைத் தயார் செய்து வைத்திருப்பார்கள். ஒன்று முடிந்ததும் டாக்டர் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு அடுத்ததைத் தொடங்குகிறார். டாக்டர் மட்டுமே செய்யக்கூடியதை மட்டும் டாக்டர் செய்வது. மற்றவை ஒவ்வொன்றுக்கும் அதற்கென்றே பழகிய கைகள். அங்கே உழைப்பு லேசானது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் சாமான் தேடியும், படிவம் நிரப்பியும், யாருக்காகவோ காத்திருந்தும் ஒரு மனிதரின் சக்தி வீணாகச் சிதறுவதில்லை. நம்முடைய சிறு ஸ்தாபனங்களில் ஆலோசனை சொல்லப் பழகிய ஊழியரே கணக்கு எழுதி, போட்டோ எடுத்து, விருந்தாளிக்கு டீயும் வாங்கிவந்து, விழாவுக்கு மேடையும் போட்டு, மிச்ச நேரத்தில் ஆலோசனையும் சொல்லவேண்டியிருக்கிறது.

நெதர்லாந்தில் 2006-இல் தொடங்கிய புயர்ட்ஸோர்க் என்ற லாப நோக்கமற்ற வீட்டுச் செவிலியர் அமைப்பு, பன்னிரண்டு பேருக்கு மேற்படாத குழுக்களாகச் செவிலியரைப் பிரித்து, யார் எந்த வீட்டுக்கு எப்போது போவது, யார் எப்போது விடுப்பு எடுப்பது என்பதையெல்லாம் அவர்களே பேசித் தீர்மானிக்கும்படி விட்டுவிட்டது. மேலதிகாரியின் மேற்பார்வை போனால் ஒழுங்கு போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள் அந்த அமைப்பு நாடு முழுவதும் வளர்ந்த கதையைப் படிக்கவேண்டும்.

இவற்றைப் பின்பற்றப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. இரவு நேர அழைப்புகளை எல்லாரும் எப்போதும் எடுப்பதற்குப் பதிலாக, முறை வைத்து ஒருவர் எடுக்க, மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். முறைக்காரர் மறுநாள் தாமதமாக வரலாம். அறிக்கை வேலையை மார்ச்சுக்கென்று சேர்த்து வைக்காமல், வாரத்தில் ஓர் அரை நாளை, கூட்டமோ விருந்தாளியோ குறுக்கிடாத அரை நாளாக, அதற்கென்றே ஒதுக்கிவிடலாம். மரணமோ வன்முறையோ நிகழ்ந்த வீட்டுக்கு ஒருவரைத் தனியே அனுப்பாமல் இருவராக அனுப்பலாம். அதே ஊழியரையே அடுத்த நாளும் அத்தகைய வீட்டுக்கு அனுப்பாமல் இருக்கலாம். இதை ஃபிராய்டன்பெர்கரே அன்று வற்புறுத்தினார்: ஒரே கடினமான வேலைக்கு ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அனுப்பவேண்டா என்றும், வேலை நேரத்துக்கு வரம்பு கட்டவேண்டும் என்றும் சொன்னார். இறைக்க இறைக்க ஊறும் கிணறானாலும், ஊற்றுக்கு அவகாசம் கொடாமல் இறைத்தால் சேறுதான் வரும்.

விடுப்பைப் பொறுத்தவரையில் நான் சற்றுக் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன். விடுப்பு எடுப்பது உரிமை என்று விதிப் புத்தகத்தில் எழுதிவைத்தால் போதாது. எடுத்தே ஆகவேண்டும் என்று விதி செய்யவேண்டும், அந்த விதிக்கு முதலில் கட்டுப்படுகிறவர் ஸ்தாபகராக இருக்கவேண்டும். தலைவர் இரவு பதினொரு மணிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் ஸ்தாபனத்தில், ‘நீங்கள் ஆறு மணிக்குப் போங்கள்’ என்ற உபதேசத்தை யாரும் நம்பமாட்டார்கள். தலைவர் இரண்டு வாரம் ஊரில் இல்லாவிட்டால் காரியம் நின்றுவிடும் என்றால், அது அவருடைய பெருமைக்குச் சான்று அன்று. அந்த ஸ்தாபனம் இன்னும் ஸ்தாபனமாகவில்லை என்பதற்கே சான்று.

விபத்துக் காலங்களில் இந்த விதிகள் செல்லுமா என்ற கேள்வி எழும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை நாகப்பட்டினம் கரையில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனபோது, பிணங்களை எடுத்து அடக்கம் செய்தவர்களிடமும், அநாதைக் குழந்தைகளை ஏந்திக்கொண்டவர்களிடமும் மணிக்கணக்குப் பேச யாருக்கு மனம் வரும்? அந்த நாட்களில் வரம்பு கடந்து உழைத்ததே தர்மம். ஆனால் அடக்கம் முடிந்தபின் தற்காலிகக் குடிசைகளும், அவற்றுக்குப்பின் நிரந்தர வீடுகளும், படகும் வலையும் பிழைப்பும் என்று அந்தப் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. முதல் வாரத்தின் வேகத்தையே மூன்றாம் ஆண்டிலும் எதிர்பார்க்க முடியாது. அவசர நிலை தொடங்கும்போது யாரும் அறிவிக்கவேண்டியதில்லை. அது முடிந்தது என்பதை மட்டும் ஒருவர் தேதி குறித்து அறிவித்தாகவேண்டும். அறிவிக்காத இடங்களில் அது முடிவதே இல்லை.

இனி, ஸ்தாபனத்துக்கு வெளியே இருப்பவர்களின் பொறுப்பு. நான் கொடுக்கும் ரூபாய் முழுவதும் ஏழைக்கே போகவேண்டும், சம்பளத்துக்கும் வாடகைக்கும் போகக்கூடாது என்று நன்கொடையாளர் நினைப்பது நல்ல எண்ணத்தினால்தான். ஆனால் அந்த நல்ல எண்ணம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதை ஆன் காகின்ஸ் கிரெகரியும் டான் ஹவர்டும் 2009-இல் ஒரு கட்டுரையில் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். நிர்வாகச் செலவு மிகக் குறைவாக இருக்கவேண்டும் என்று கொடுப்பவர் எதிர்பார்க்க, அதற்கு இணங்கி வாங்குபவர் கணக்கில் அதைக் குறைத்துக் காட்ட, அந்தப் பொய்க் கணக்கே உண்மை என்று நம்பி அடுத்த ஆண்டில் இன்னும் குறைவாக எதிர்பார்க்க, இவ்வாறு ஸ்தாபனம் தன் ஊழியரையும் கருவிகளையும் பட்டினி போட்டுக்கொண்டே போகிறது. நம் நாட்டில் வெளிநாட்டு நன்கொடையைப் பற்றிய சட்டம் 2020-இல் திருத்தப்பட்டபோது, அந்தப் பணத்தில் நிர்வாகத்துக்குச் செலவிடக்கூடிய பங்கு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வீண் ஆடம்பரத்தைத் தடுக்க வரம்பு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கரும், அலுவலக உதவியாளரும், நிர்வாகம் என்ற அந்தத் தலைப்பின்கீழ்த்தான் வருகிறார்கள். அவர்களை எடுத்துவிட்டால் அவர்களுடைய வேலை மறைந்துபோவதில்லை, ஸ்கூட்டரில் நான்கு கிராமம் சுற்றிவிட்டு வரும் அந்தக் களப்பணியாளரின் இரவு நேரத்துக்குள் அது நுழைந்துவிடுகிறது.

ஆகையால் ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் பணம் கொடுப்பவரும், அதன் நிர்வாகக் குழுவில் கௌரவ அங்கத்தினராக இருப்பவரும், ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதோடு நிறுத்தாமல், விடுப்புப் பதிவேட்டையும் மேஜைக்குக் கொண்டுவரச் சொல்லவேண்டும். இந்த ஆண்டில் இயக்குநர் எத்தனை நாள் விடுப்பு எடுத்தார், களப்பணியாளர்கள் எத்தனை நாள் எடுத்தார்கள், கடந்த மூன்று ஆண்டுகளில் வேலையை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர், போகும்போது அவர்கள் என்ன சொன்னார்கள், அதைக் கேட்டு எழுதிவைத்தது யார் என்று விசாரிக்கவேண்டும். திட்டச் செலவில் ஊழியர் நலனுக்கும் மாற்று ஆளுக்கும் என்று ஒரு வரி இல்லாவிட்டால், ‘ஏன் இல்லை?’ என்று கொடுப்பவரே கேட்டு, அந்த வரியைத் தாமே சேர்த்து, அதற்குரிய தொகையையும் எழுதித்தரவேண்டும்.